கீழ் எண்ணுக்கு ஒரு வேண்டுதல்

எனக்கு இருந்தது பாதி ரத்தக்கொதிப்புதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேல் எண் நூற்று முப்பத்தெட்டு. அது நூற்று நாற்பதைத் தாண்டவில்லை, அதனால் அதன்மேல் பெரிய புகார் இல்லை. கீழ் எண்தான் நூற்று எட்டு. தொண்ணூறுக்குள் இருக்க வேண்டுமாம். ஒரு தாளில் பாஸ், ஒரு தாளில் ஃபெயில் என்றால் மொத்தமாக ஃபெயில்தான் என்பது பத்தாம் வகுப்பில் எனக்கு நடந்த கதை. ஐம்பத்தொரு வயதில் அதே கதை திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் தர்மன். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாக மூன்றாம் நம்பர் பஸ் ஓட்டுகிறேன். நாற்பத்தேழு பிள்ளைகள், பதினான்கு நிறுத்தங்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட ஆனதில்லை. ரோட்டில் குறுக்கே வருகிறவர்களைத் திட்டியிருக்கிறேன், அது வேறு. ஆட்டை, மாட்டை, டூவீலரை, ஒருமுறை எதிரே வந்த ஊர்வலத்தில் கல்யாண மாப்பிள்ளையையே திட்டியிருக்கிறேன். பிள்ளைகள் அதையெல்லாம் வீட்டில் போய்ச் சொல்வதில்லை. அந்த மரியாதை எங்களுக்குள் உண்டு.

ஏப்ரல் கடைசியில் ஓட்டுநர்களுக்குப் பள்ளியிலேயே மருத்துவப் பரிசோதனை நடக்கும். இந்த வருடம் ஜாஸ்மின் என்று ஒரு இளம் டாக்டர் வந்தார். என் கையில் பட்டையைச் சுற்றி மூன்று முறை காற்றடித்துப் பார்த்தார். மூன்று முறையும் கீழே நூற்று எட்டு.

"கீழ எண்ணுன்னா என்னாங்க அது?" என்று கேட்டேன்.

"இதயம் அடிக்கறப்ப இருக்கற அழுத்தம் மேல் எண். ரெண்டு அடிக்கு நடுவுல அது ஓய்வெடுக்கறப்ப இருக்கறது கீழ் எண். உங்களுக்கு ஓய்வுலயும் அழுத்தம் குறையல."

எனக்குச் சுருக்கென்றது. "ஓய்வெடுக்கத் தெரியாதவன்னு சொல்றீங்களா? ஞாயித்துக்கெழம சாப்ட்டுப் படுத்தன்னா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எந்திரிப்பன். எங்கூட்டுல கேட்டுப் பாருங்க."

"அப்ப வீட்டுல வேற யாரோ ஓய்வில்லாம இருக்காங்கன்னு அர்த்தம்," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அந்தப் பேச்சு எனக்கு அப்போது விளங்கவில்லை.

சீட்டின் பின்பக்கம் ஆறு வரி எழுதிக் கொடுத்தார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஊறுகாயும் கருவாடும் கூடாது. தினமும் முப்பது நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். குடி கூடாது. நன்றாகத் தூங்க வேண்டும். கோபப்படக் கூடாது. மாத்திரையைத் தினமும் காலையில் போட வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பு மறுபடி பார்ப்பார். கீழ் எண் தொண்ணூறுக்குள் வந்திருந்தால் கையெழுத்து, வராவிட்டால் இல்லை.

பஸ்களுக்குப் பொறுப்பாளர் ஆரோக்கியராஜ் நல்ல மனிதர். அதனால் கெட்ட செய்தியை அவர் மெதுவாகச் சொன்னார். "கையெழுத்து இல்லாம வண்டி தர முடியாதுங்க தர்மன். கேட்டுல ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன். விசில் இருக்குது."

விசில்! பத்தொன்பது வருடம் ஏர் ஹாரன் அடித்தவனுக்கு விசில்.

வீட்டுக்கு வந்து சீட்டைத் தீர்த்தம்மாளிடம் கொடுத்தேன். தீர்த்தம்மாள் என் மனைவி. இருபத்தேழு வருடமாக என்னோடு குடித்தனம் பண்ணுகிறாள் என்பதிலிருந்து அவள் பொறுமையை நீங்களே அளந்துகொள்ளலாம். ஆறு வரியையும் இரண்டு முறை படித்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

"ஆறு வேண்டுதலுங்க," என்றாள். "ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டா முடிஞ்சிரும்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மகள் பிரியதர்ஷினிக்கு மூன்று வயதில் ஒன்பது நாள் காய்ச்சல். மொட்டை அடித்துக்கொண்டது நான். காய்ச்சல் இறங்கியது அவளுக்கு. எனக்குக் கால் முறிந்தபோது தீ மிதித்தது தீர்த்தம்மாள், கூடியது என் எலும்பு. உடம்பு ஒருவருடையது, விரதம் இன்னொருவருடையது என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். நோயாளியே எல்லாவற்றையும் செய்ய வேண்டுமென்றால் பிறகு சொந்தபந்தம் எதற்கு?

அன்று மாலையே பங்கு பிரித்தோம். உப்பைத் தீர்த்தம்மாள் எடுத்துக்கொண்டாள். டாக்டர் பாதி என்றுதான் எழுதியிருந்தார். வேண்டுதல் என்று வந்த பிறகு பாதி என்ன பாதி என்று அவள் முழுதாக விட்டுவிட்டாள். நடையை என் தம்பி பச்சியப்பன் தலையில் கட்டினோம். அவனுக்கு நாற்பத்தைந்து வயது, எதிர் வீட்டுக்குப் போவதற்கே வண்டியைக் கிளப்புகிறவன்.

"ண்ணா, உனுக்காவ நடக்கறன்," என்றான். குரல் தழுதழுத்தது. பாசத்தில் என்று அப்போது நினைத்தேன்.

குடிதான் சிக்கல். சனிக்கிழமை சனிக்கிழமை நான் கொஞ்சம் சாப்பிடுவேன், மறைக்க என்ன இருக்கிறது. பக்கத்து வீட்டு மாது, "அத நான் உட்டுர்றன்," என்று உடனே முன்வந்தான். மாது வாழ்நாளில் குடித்ததே இல்லை. இல்லாத பழக்கத்தை விட்டால் அது சாமிக்கு ஏறாது என்று தீர்த்தம்மாள் மறித்தாள். நியாயம்தானே. அதனால் மாது விடுவதற்காகவே இரண்டு சனிக்கிழமை குடித்துப் பழகினான். இரண்டாவது சனிக்கிழமை அவன் மாட்டுக் கொட்டகையில் நின்று பசுமாட்டிடம் பதினைந்து வருடத்துக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டதை ஊரே பார்த்தது. மூன்றாவது சனிக்கிழமை விட்டான். முறைப்படி நடந்த விஷயம் அது ஒன்றுதான்.

தூக்கத்தை நானே வைத்துக்கொண்டேன். கோபத்தை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அவரவர் கோபம் அவரவருக்குத் தேவைப்பட்டது.

மாத்திரை மிச்சம் இருந்தது. ஒருமுறை பிரஷர் மாத்திரை ஆரம்பித்தால் சாகிறவரைக்கும் நிறுத்த முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்த டாக்டரும் சொல்லவில்லை, சந்தையில் நான்கு பேர் சொன்னார்கள். "நான் போட மாட்டன்," என்றேன்.

"செரி உடுங்க, அத நான் பாத்துக்கறன்," என்றாள் தீர்த்தம்மாள்.

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சாமி முன்னால் வைத்துப் பூஜை செய்வாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வாசலில் தகட்டு உருவங்கள் விற்கும் கடை உண்டு. கண் வலி என்றால் கண், கால் வலி என்றால் கால் வாங்கி உண்டியலில் போடலாம். ரத்தக்குழாய் இருக்கிறதா என்று கேட்டோம்.

"ரத்தக்கொழா வர்றதில்லீங்க," என்றார் கடைக்காரர். "பாம்பு இருக்குது. நீளந்தானே, அதுவும் கொழா மாதிரிதான்."

பாம்பைப் போட்டோம்.

இனி பலனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மே மாதம், மாங்காய்க் காலம். எங்கள் பக்கத்தில் மே மாதம் மாங்காய் தின்னாதவன் வெளியூர்க்காரன். ஒட்டு மாங்காயைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் புரட்டி, மத்தியானம் கேழ்வரகுக் களிக்கு நான் தொட்டுக்கொள்வேன். தீர்த்தம்மாள் எதிரே உட்கார்ந்து உப்பில்லாத களியை உப்பில்லாத கீரையில் தோய்த்து விழுங்குவாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் அது தெரியும். ஆனால் என் எதிரே சாப்பிட்டால்தான் எனக்கு நேராக வந்து சேரும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கு அதில் மறுப்பு இல்லை. இன்னும் இரண்டு பத்தை போடச் சொன்னேன்.

எங்கள் ஊருக்கு வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் நிர்மலாதேவி. மே இரண்டாம் வாரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி எனக்குப் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு, நூற்று எட்டு. ஒரு புள்ளி அசையவில்லை. வாசலில் நின்றிருந்த பச்சியப்பனுக்கும் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு.

"சூப்பருங்க, இப்பிடியே மெயின்டெயின் பண்ணுங்க," என்று அவனைப் பாராட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "டேய், எனக்காவ நடன்னு சொன்னா உனுக்காவ நடந்துக்கிறியா?"

"நான் என்னாண்ணா பண்றது? உம்பேரச் சொல்லித்தான் மொத அடியே வெக்கறன்."

"தர்மண்ணா, மாத்திர கரெக்டா போடறீங்களா?" என்று நிர்மலாதேவி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "காலையில ஏழு மணிக்கு டான்னு போயிடுதுங்க," என்றாள் தீர்த்தம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை போய்க்கொண்டுதான் இருந்தது.

பச்சியப்பன் நடையில்தான் குற்றம் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். நினைத்தது சரிதான். ஏரிக்கரை முனையில் பயல் நின்று இரண்டு போண்டா சாப்பிடுகிறான். அன்று முதல் தினமும் அவன் முன்னால் வேகமாக நடக்க, நான் பின்னால் மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். முப்பது நிமிடம், ஏரிக்கரை போய்த் திரும்ப. எனக்கு இடுப்பு வலி வந்தது. அவனுக்கு நான்கு கிலோ குறைந்தது. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். "எங்கண்ணனுக்கு பிரஷரு," என்பான் மூச்சு வாங்க. "தம்பின்னா இப்பிடி இருக்கணும்," என்பார்கள். பின்னால் பெட்ரோல் செலவழித்துக்கொண்டு வருகிற அண்ணனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கூத்தில் ஒன்றை மட்டும் நான் கண்டும் கவனிக்கவில்லை. தீர்த்தம்மாள் தண்ணீர்க் குடத்தை வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்து வந்தாள். குனிந்து நிமிர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்டால், "வெயிலுங்க," என்றாள். தர்மபுரி வெயிலை யார் சந்தேகப்படுவார்கள்? நானும் வெயிலைத் திட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மே கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம். எனக்கு மாங்காய்ப் பத்தை கொண்டு வந்தவள் கிண்ணத்தோடு அப்படியே சரிந்தாள். நான் முதலில் கிண்ணத்தைப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பிறகுதான் அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. கூப்பிட்டால் "ம்" என்ற சத்தம்கூட வரவில்லை.

பச்சியப்பனும் மாதுவும் தூக்கி மாதுவின் ஆட்டோவில் ஏற்றினார்கள். வண்டியை நான் ஓட்டினேன். வழியில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தது. நான் திட்டவில்லை. இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

ஆஸ்பத்திரியில் இருந்தது அதே ஜாஸ்மின் டாக்டர். பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு. காலை உயர்த்திப் படுக்கவைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் தீர்த்தம்மாள் கண் திறந்தாள்.

"என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?"

தீர்த்தம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து மூன்று அட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் காலி. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். பெயரைப் படித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எழுதினதாச்சே?"

"அவுரு போட மாட்டன்னுட்டாருங்க," என்றாள் தீர்த்தம்மாள். "அதான் நான் போட்டுக்கிட்டன். வெள்ளிக்கெழமையில மட்டும் ரெண்டு. ஒருபொழுது இருந்துட்டுப் போட்டா பலன் ஜாஸ்தின்னு..."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முழுக் கதையையும் பச்சியப்பன் சொன்னான், பாம்பு உட்பட. டாக்டர் ஒரு துண்டுத்தாள் எடுத்தார். என் எண்களையும் அவள் எண்களையும் எழுதிக் கூட்டி, இரண்டால் வகுத்தார்.

"நூத்திப் பதினொண்ணு, எண்பது," என்றார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளா வெச்சா நார்மல்தான்."

"அப்பக் கையெழுத்து போட்டுருவீங்களா டாக்டர்?" என்று பச்சியப்பன் ஆசையாகக் கேட்டான்.

அவர் அவனை வெளியே போகச் சொன்னார். பிறகு என்னிடம் கோபப்படாமல் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். உங்கள் கீழ் எண்ணை இப்படியே விட்டால் மூளையோ இதயமோ சிறுநீரகமோ ஒருநாள் அடிபடும், உங்களுக்கு வலியே தெரியாது என்றார். "பஸ்ஸுல நாப்பத்தேழு பிள்ளைங்க இருக்கறப்ப அது நடந்தா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் கட்டிலோரம் நின்றேன். பகல் நேரத்தில் தீர்த்தம்மாள் படுத்து நான் பார்த்தது, பிரியதர்ஷினி பிறந்தபோது ஒருமுறை, இது இரண்டாவது முறை. வீட்டில் வேறு யாரோ ஓய்வில்லாமல் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கீழ எவ்வளவுன்னாங்க?"

"அம்பத்திரண்டு."

அவள் முகம் மலர்ந்தது. "எறங்கிருச்சா? உங்களுக்குத்தானுங்களே?"

நான் அழுதேன். ஆஸ்பத்திரி வார்டில், பச்சியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளையைப் போல அழுதேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்வார்கள். இருபத்தேழு வருடம் எனக்கு உப்பிட்டவள் எனக்காக உப்பை விட்டிருக்கிறாள். நான் மாங்காய் தின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் மாத்திரையை நானே என் வாயில் போட்டு விழுங்கினேன். அது பெரிய விஷயமாக ஒன்றும் இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். இதற்காக ஊரையே கூட்டியிருக்கிறேன்.

காலம் போதவில்லை. ஜூனில் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு. "எறங்குது, ஆனா கையெழுத்து கிடையாது," என்றார் டாக்டர். பள்ளி திறந்த அன்று கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நம்பர் பஸ்ஸை ஒரு புது ஓட்டுநர் கொண்டு வந்தான். நான் கேட்டைத் திறந்துவிட்டு விசில் அடித்தேன். நாற்பத்தேழு பிள்ளைகளும் ஒரு பக்க ஜன்னலுக்கு வந்து, "டிரைவர் அண்ணா, ஏன் கீழ எறங்கிட்டீங்க?" என்று கத்தினார்கள். கீழே இறங்க வேண்டியது வேறு ஒன்று என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது? ஒவ்வொரு நாளும் நெஞ்சு வலித்தது. டாக்டரிடம் சொன்னேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இது அந்த வலி இல்லை என்றார்.

காலையில் ஏரிக்கரைக்கு நானே நடந்தேன். பச்சியப்பனும் கூடவே வந்தான். அவனுக்கு அதற்குள் நடக்காமல் இருக்க முடியவில்லை. போண்டாக் கடை வந்தால் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கடந்தோம். சனிக்கிழமை மாலை குடிக்கப் போகாமல் மாதுவின் கொட்டகைப் பக்கம் போய் அந்த மாட்டுக்குப் புல் போட்டேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. களியில் உப்பு பாதி. முதல் வாரம் மண்ணைத் தின்பதுபோல இருந்தது. மூன்றாம் வாரம் களி களியாகத் தெரிந்தது. கோபம் மட்டும் முழுதாக அடங்கவில்லை. ஆட்டைத் திட்டுவதில்லை, மனதுக்குள் வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை மாதம் இருபதாம் தேதி டாக்டர் மூன்று முறை காற்றடித்தார். நூற்று இருபத்தாறு, எண்பத்து நான்கு. கையெழுத்து போட்டார். ஆனால் பேனாவை மூடவில்லை. "மாத்திரைய நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னா நான் சொல்லணும், சந்தை சொல்லக் கூடாது," என்றார். தலையாட்டினேன். பிறகு தீர்த்தம்மாளையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். நூற்றுப் பதினாறு, எழுபத்தெட்டு. ஆரோக்கியராஜ் விசிலை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் களி. இரண்டு தட்டையும் ஒன்றாகப் போடச் சொல்லி, அவளையும் எதிரே உட்காரவைத்தேன். அவளுக்கு எல்லாரையும் போல உப்பு சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் என் எதிரே அவள் உப்பைத் தொடவில்லை. வேண்டுதல் முடிந்ததா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம்.

நானே எழுந்து போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்தேன். மே மாதத்தில் அவள் எனக்காகப் போட்டது. நன்றாக ஊறிய ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"எனக்காவச் சாப்புடு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேனா என்று யோசித்தாள். இல்லை என்று தெரிந்ததும் துண்டைக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தோலோடு, மெதுவாக மென்றாள். எனக்கு வாயில் நீர் ஊறியது.

"எப்பிடி இருக்குது?"

"உப்பு கொஞ்சம் தூக்கலுங்க."

"இன்னொண்ணு சாப்புடு," என்றேன். சாப்பிட்டாள்.